சைனா கோசுக்கு ருசி பார்த்தவன்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்கங்க சார். எனக்கு இந்த ரோடு பழக்கம். இருபத்தாறு வருசமா ஏறி எறங்கறேன். உங்களுக்குத்தான் குன்னூர் தாண்டுனதும் கொமட்டும். எப்படித் தெரியும்னா, மூஞ்சி சொல்லுதுங்களே. கீழுதடு காஞ்சு போச்சு, எச்சிலை ரெண்டு தரம் முழுங்கிட்டீங்க. இந்தாங்க, எலுமிச்சம்பழம், என்ற ஊட்டுக்காரி கொடுத்து விட்டது. நல்லா மோந்து பாருங்க. எனக்கு வேண்டாமுங்க, எனக்கு அது ஒண்ணும் பண்ணாது. அது ஏன்னு அப்பறம் சொல்றேன்.

பேரு நஞ்சப்பனுங்க. ஆமா, சமையக்காரனுக்கு நஞ்சப்பன்னு பேரு. சிரிச்சுக்கங்க, தப்பில்லை. ஊட்டிக்கு அக்கட்டால காய்கறி ஆராய்ச்சிப் பண்ணை ஒண்ணு இருக்குதுங்க. அங்க கெஸ்ட் ஹவுஸ்ல சோறாக்கறது நானு. வர்ற ஆபீசருங்க முதல் நாள் பேரைக் கேட்டுச் சிரிப்பாங்க, ரெண்டாம் நாள் மறுக்கா சாம்பார் கேப்பாங்க.

இன்னைக்கு எங்க போறேன்னு கேளுங்களேன். நீங்க கேக்காட்டியும் சொல்லித்தான் ஆவேன், காலைல அஞ்சு மணிக்கே எந்திரிச்சு வேட்டி கட்டி உக்காந்துட்டேன். சந்தோசமா பயமான்னு எனக்கே தெரியலை. கோயமுத்தூர்ல விழாவுங்க. எதுக்கு விழா? ஒரு கோசுக்கு. நெசமாத்தான் சார். புதுசா ஒரு கோசு கண்டுபிடிச்சிருக்காங்க, அதைச் சனங்களுக்கு அறிமுகப்படுத்தற விழா. அதுல மேடை மேல எனக்கு ஒரு நாக்காலி. அழைப்பிதழ்ல பேரு போட்டிருக்குது. ‘ருசி நிபுணர் திரு. நஞ்சப்பன்’. திருவெல்லாம் போட்டிருக்காங்க. என்ற கல்யாணப் பத்திரிகைல கூடத் திரு போடலீங்க.

நிபுணர். இந்த வார்த்தையைப் பாத்ததுல இருந்துதான் பயம் புடிச்சுது.

சரி, உங்ககிட்டச் சொல்லிர்றேன். நீங்க மேட்டுப்பாளையத்துல எறங்கிப் போயிருவீங்க, இனி என்னைப் பாக்கப் போறதில்லை. யார்கிட்டயாச்சும் சொல்லாட்டி இந்த வளைவுல நானே வாந்தி எடுத்துருவேன். கொஞ்சம் கிட்ட வாங்க. எனக்கு ருசி தெரியாதுங்க.

ருசியும் தெரியாது, வாசமும் தெரியாது. நாலு வருசமாச்சு. ஊரெல்லாம் மூஞ்சிய மூடிக்கிட்டுத் திரிஞ்சுதே ஒரு காய்ச்சல், அதுல போனது. எல்லாருக்கும் ஒரு மாசத்துல திரும்பி வந்துச்சு, எனக்கு வரவே இல்லை. காப்பிக்கும் வெந்நித் தண்ணிக்கும் சூடு ஒண்ணுதான் வித்தியாசம். மொளகாய் மட்டும் எரியும், அது ருசி இல்லீங்க, அடி. ஊட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். வெளிய தெரிஞ்சா என்னாகும்? நாக்கு செத்த சமையக்காரனை எவன் வெச்சுக்குவான். எனக்கு வேற தொழிலும் தெரியாது.

அப்ப எப்படிச் சோறாக்குனேன்னு கேக்கறீங்க. கை அளவு இருக்குதுங்களே. உப்பு இந்த மூணு வெரல்ல எத்தனை நிக்குமோ அது. மத்ததுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். சமையக்கட்டுக்கும் சாப்பிடற ரூமுக்கும் நடுவுல ஒரு கதவு. அந்தக் கதவோரமா நின்னுக்குவேன். திங்கறவங்க மூஞ்சியப் பாப்பேன். முதல் வாயிலயே தெரிஞ்சுரும். உப்பு எச்சா இருந்தா கண்ணு கொஞ்சம் சுருங்கும், டம்ளருக்குக் கை போவும். புளி எச்சானா காதுகிட்ட ஒரு நரம்பு. ஒடனே உள்ள போயி ரசத்துல வெந்நி ஊத்திக் கலக்கிக் கொண்டாருவேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. முன்னை விட இப்பத்தான் சமையல் நல்லா இருக்குதுன்னு சொன்னவங்க உண்டு. அந்த மாதிரி சொல்றப்போ கதவுக்குப் பின்னால போயி தனியா சிரிச்சுக்குவேன்.

இப்ப அந்தக் கோசைக் கண்டுபிடிச்ச அம்மா கதைக்கு வர்றேன். டாக்டர் ஜெபசெல்வி. நாகர்கோயில் பக்கம். ஊசி போடற டாக்டர் இல்லீங்க, செடிக்கு டாக்டர். அவங்க வேலையே சைனா கோசுதான். பாத்திருக்கீங்களா? நம்ம முட்டைக்கோசு மாதிரி உருண்டையா இருக்காது. நீளமா, வெளுப்பா, சேலைல சுத்துன கைக்கொழந்தை மாதிரி இருக்கும். அதுக்கு ஒரு கிறுக்குக் குணம். நம்ம மலைக் குளிரு பட்டுச்சுன்னா, எலையெல்லாம் கூடித் தலை கட்டறதுக்கு முன்னாலயே நடுவுல இருந்து ஒரு தண்டு சர்ருன்னு மேல வந்து மஞ்சளாப் பூத்துரும். பூத்தா முடிஞ்சுது, எலை கசந்து நாராப் போயிரும். பூக்காம குளிரைத் தாங்கி நிக்கற செடி வேணும். அதுக்குத்தான் ஏழு வருசம்.

ஏழு வருசம் என்ன பண்ணாங்கன்னு பாக்கோணுமே நீங்க. அந்தப் பூவுக்கு இன்னொரு கிறுக்கு. தன்ற சொந்த மகரந்தத்தையே சேத்துக்காது. அதனால அந்தம்மா என்ன பண்ணுவாங்க, மொட்டா இருக்கும்போதே, அதுக்கு வெவரம் வர்றதுக்கு முன்னாலயே, ஊசில பிரிச்சு அதே செடியோட மகரந்தத்தைத் தடவி விட்டுருவாங்க. தூங்கற கொழந்தைக்குச் சொட்டு மருந்து ஊத்தற மாதிரி. அப்பறம் வேற பூவோட தூளைத் தேனீ கொண்டாந்து சேத்துராம இருக்க, கொத்து மேல காயிதப் பையக் கட்டோணும். ஒரு நாளைக்கு முந்நூறு மொட்டு. பனில குத்துக்கால் போட்டு உக்காந்துக்கிட்டு, மொட்டுகிட்ட ‘சத்தம் போடாம இரு மக்கா’ன்னு பேசிக்கிட்டே. தோட்டத்துல வேலை செய்யற லச்சியக்கா சொல்லும், இந்தம்மாவுக்குக் கோசு புடிச்சுருச்சுன்னு.

அப்படி ஏழு வருசம் கழிச்சு பன்னெண்டு செடி தேறுச்சு. ஆயிரக்கணக்குல பன்னெண்டு.

அந்தச் சமயம் பாத்து ஒரு கமிட்டி வந்துச்சுங்க. வெளியூர்ல இருந்து ஆறு பேரு. இந்தத் திட்டத்தை மூடறதா வேண்டாமான்னு பாக்க வந்தவங்க. தலைவரு பெரிய மீசைக்காரர். காலைல காப்பி கொண்டு போறேன், அப்ப அந்தம்மாகிட்டக் கேக்கறாரு: “இந்தக் கோசைத் தமிழ்நாட்டுல யாரும்மா சாப்பிடறாங்க? ஓட்டல்ல ஃப்ரைட் ரைஸுல போடற ஆறு எலைக்கு ஏழு வருச ஆராய்ச்சியா?” அந்தம்மா பேனா மூடியத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தாங்க. எனக்குச் சங்கடமாப் போச்சு. இன்னைக்கு மத்தியானம் அசத்திப்போடறேன் பாருங்கன்னு மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன். நெனச்சதோட விட்டிருக்கலாம்.

எங்க பண்ணைல ஒரு பழக்கமுங்க. கோசுத் தலையை எடை போட்டு, நடுவுல கத்தி போட்டு, உள்ள எப்படிக் கட்டியிருக்குதுன்னு பாப்பாங்க. பாத்து எழுதிக்கிட்டா அதுக்கு மேல அந்தக் கோசு ஆராய்ச்சிக்கு ஆவாது. அது சமையக்கட்டுக்கு. கத்தி பட்டதெல்லாம் நஞ்சப்பனுக்குன்னு ஒரு கணக்கு, யாரும் எழுதி வெக்கலை, ஆனா இருபத்தாறு வருசமா அதுதான் சட்டம். நான் கூடைய எடுத்துக்கிட்டுப் போறேன். கடைசி வரிசைல பன்னெண்டு கோசு. ஒவ்வொண்ணு உச்சிலயும் பெருக்கல் குறி மாதிரி கத்தி போட்டிருக்குது. ஆகா, நமக்குத்தான்னு நெனச்சுட்டேன்.

அது ஏன் போட்டதுன்னா, விதைக்கு விடற கோசு உச்சியக் கீறி விட்டாத்தான் உள்ள இருக்கற பூந்தண்டு முட்டிக்கிட்டு வெளிய வரும். அந்தம்மா முதல் நாள் சாயங்காலம் தன் கையாலயே கீறி விட்டிருக்காங்க. எனக்கெப்படித் தெரியும்? அதுக்கு முன்னால விதைக்கு விட்டதெல்லாம் கண்ணாடி வீட்டுக்குள்ள, அங்க எனக்கு என்ன வேலை.

பன்னெண்டையும் வெட்டுனேன் சார். குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்கும், அதனால அடில ரெண்டு வெரக்கடை விட்டுத்தான் வெட்டுனேன். ஒவ்வொரு செடி பக்கத்துலயும் ஐஸ் குச்சி மாதிரி ஒரு தட்டைக் குச்சி நட்டிருந்துச்சு. நல்ல வழுவழுன்னு இருந்துச்சுங்க. புடுங்கி அந்தந்தக் கோசுக்குள்ளயே செருகிக் கூடைல போட்டேன். ஏன்னா எனக்கு ஒரு ரோசனை. பெரிய எலையா எடுத்து வெந்நில ஒரு முக்கு முக்கி, உருளைக்கெழங்கு, பச்சைப் பட்டாணி, அந்தக் கோசோட குருத்தையே அரிஞ்சு போட்டு, மொளகு தட்டி, எலைல பொட்டலமாச் சுருட்டி, பிரியாம இருக்க அந்தக் குச்சியக் குத்தி, இட்லிச் சட்டில வேக வெச்சேன். ஒரு கோசுக்கு ஒரு பொட்டலம். வெளியூர் ஆறு, பண்ணை ஆபீசர் ஆறு, ஆளுக்கு ஒண்ணு, பன்னெண்டு. என்ன கணக்காப் போச்சு பாருங்க. குச்சிய ஒவ்வொண்ணாக் கொதிக்கற தண்ணில முக்கி, அதது கோசோட பொட்டலத்துலயே குத்துனேன், நான் சுத்தக்காரன். அதுல பென்சில்ல நம்பர் எழுதியிருந்தது போகவே இல்லை. போகாட்டிப் போவுதுன்னு விட்டுட்டேன்.

பரிமாறிட்டு கதவோரம் நின்னேன். அன்னைக்கு எனக்கே ஒரு ஆசை, எப்படி இருக்கும்னு. நாலாம் நம்பர் ஒரு ஒல்லியான ஆபீசருக்குப் போச்சு. ஒரு கடி கடிச்சாரு, “பிரமாதம்”னாரு, மீதியக் கறிவேப்பிலைக்கு அடில தள்ளிட்டாரு. ஒண்ணாம் நம்பரை ஒரு அம்மா மென்னுக்கிட்டே இருந்தாங்க, பாவம், பேசக்கூட முடியலை, அத்தனை நாரு. பதினொண்ணு பரவாயில்லை. மீசைக்காரருக்கு ஒம்பது. அவரு ஏதோ சொல்லிக்கிட்டே, “இந்த மாதிரி திட்டங்களுக்கெல்லாம்”னு ஆரம்பிச்சு ஒரு வாய் வெச்சாரு. அந்த வாக்கியம் அங்கயே நின்னு போச்சுங்க. புருவம் எறங்குச்சு. தோள் எறங்குச்சு. கை அவருக்குத் தெரியாமயே அடுத்த வாய்க்குப் போவுது. அந்த மூஞ்சிய நான் என்ற சர்வீஸ்ல மூணு நாலு தரந்தான் பாத்திருக்கேன். அது வாய்க்கு ருசி கண்ட மூஞ்சி இல்லீங்க. சின்ன வயசுல எங்கயோ போயிட்ட மூஞ்சி.

நான் குசியா நிக்கறேன், அப்பத்தான் ஜெபாம்மா தன்ற பொட்டலத்துல இருந்து குச்சிய உருவுனாங்க. திருப்பிப் பாத்தாங்க. ரெண்டு. அவங்க கையெழுத்து.

தலையத் தூக்கி வரிசையாப் பாத்தாங்க. பன்னெண்டு வாழையெலைல பன்னெண்டு குச்சி. ஏழு வருசத்தையும் நான் வேக வெச்சுப் பரிமாறியிருக்கேன். அப்பறம் கதவோரம் நின்ன என்னைப் பாத்தாங்க. எல்லார் மூஞ்சியும் எனக்குப் படிக்க வரும் சார், அந்தம்மா மூஞ்சி மட்டும் இன்னைக்கு வரைக்கும் வராது. சாம்பார் வாளியக் கீழ வெச்சுட்டேன், எனக்கு என்ன தப்புன்னே தெரியலை, ஆனா தப்புன்னு தெரியுது.

அந்த நேரம் பாத்து மீசைக்காரரு விரலை நக்கிக்கிட்டே கேக்கறாரு, “நஞ்சப்பன், இது என்ன கீரை? எங்க கெடைக்கும்?”

நான் வாயத் திறக்கறதுக்குள்ள அந்தம்மா எந்திரிச்சாங்க. கொரலு நடுங்குது, ஆனா சிரிப்பு வருது. “சார், காலைல கேட்டீங்கள்ல, இதை யாரு சாப்பிடுவாங்கன்னு. இதுதான் சார் அது. நீங்கதான் சார் சாப்பிடறது”ன்னாங்க. அப்பறம் மீசைக்காரரு சிரிச்சாரு பாருங்க, பொரை ஏறி மீசையெல்லாம் பட்டாணி. திட்டத்துக்கு இன்னும் மூணு வருசம் கொடுத்துட்டுப் போனாரு.

கமிட்டி காரு கேட் தாண்டலை, அந்தம்மா சமையக்கட்டுக்குள்ள வந்துட்டாங்க. கைல பன்னெண்டு குச்சி. விசயத்தைச் சொன்னாங்க. நான் கால்ல விழப் போனேன். “அண்ணே, விழறது அப்பறம். எந்த எடத்துல வெட்டுனீங்க? அடியோடவா?”ன்னாங்க. “இல்லீங்க, இடுப்பு வலி, ரெண்டு வெரக்கடை விட்டுட்டேன்”னேன். அவ்வளவுதான், சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓடுனாங்க பாருங்க. பின்னால நான் கரண்டியோட ஓடறேன். எதுக்குக் கரண்டின்னு கேக்காதீங்க, கைல இருந்துச்சு.

வரிசைல பன்னெண்டு கட்டையும் அப்படியே நிக்குது. வேரு பத்திரமா இருக்குது. அந்தக் கட்டைல இருந்து பக்கக் கிளை வெடிச்சு அதுலயும் பூக்குமாம், விதை கட்டுமாம். எடத்தை வெச்சுக் குச்சிகளை வரிசையா ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மறுபடி நட்டாங்க. நட்டு முடிச்சுச் சேத்துலயே உக்காந்துக்கிட்டுச் சிரிச்சாங்க. அடக்க முடியலை அவங்களால. எனக்கு அழுகை. லச்சியக்கா மம்பட்டியப் போட்டுட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, வேற பாத்திக்குப் போயிருச்சு.

அப்பத்தான் கேட்டாங்க சார், அந்தக் கேள்விய. “அண்ணே, ஏழு வருசமா எடை பாத்தேன், உசரம் பாத்தேன், பூக்கற நாளப் பாத்தேன். தின்னு பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. எது நல்லா இருந்துச்சு?”

“ஒம்பது”ன்னேன், யோசிக்காம. “அப்பறம் பதினொண்ணு. நாலு ஆவாது. ஒண்ணு நாரு.” ஒவ்வொண்ணாச் சொன்னேன், யாருக்கு எது போச்சுன்னு எனக்குத்தான் தெரியுமே. அந்தம்மா வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டாங்க: “எல்லாத்தையும் ருசி பாத்தீங்களா?”

அங்க ஒரு நிமிசம் இருந்துச்சு. இல்லீங்கம்மா, மூஞ்சியப் பாத்தேன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா ஏன் நீ ருசி பாக்கலைன்னு வரும். அப்பறம் நாக்கு வரும், அப்பறம் வேலை போவும். “பாத்தேனுங்க”ன்னு சொல்லிட்டேன்.

அன்னைக்கு மாட்டுனவன்தான். அடுத்த நாள்ல இருந்து பதினோரு மணியானா தட்டோட வந்துருவாங்க. மத்த பாத்தில நின்ன நாப்பது செடி, நாப்பது எலைத் துண்டு. உப்பில்லாம, வேக வெக்காம. ஒண்ணுக்கு ஒரு வாய் தண்ணி. பத்துக்கு எத்தனை மார்க்குன்னு சொல்லோணும். நான் கண்ண மூடி, நாக்கைச் சப்புக்கொட்டி, என்ன நடிப்பு போங்க. “இது லேசா இனிக்குது. இது பரவாயில்லை. இதுல பின்னால ஒரு கசப்பு.” வாய்க்கு வந்தது. மேஞ்சு முடிச்ச மாட்டுக்கு என்ன தெரியுமோ அதுதான் எனக்கும் தெரியும். ராத்திரி ஊட்டுக்காரி திட்டுவா, படிச்ச பொண்ணு பொழப்புல மண்ணப் போடாதேன்னு. நெசந்தான். எனக்கு வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா எப்படிச் சொல்றது?

ஒரு பத்து நாள் போச்சு. ஒரு நாள் ஒரே ஒரு எலையக் கொண்டாந்தாங்க. பளபளன்னு என்னமோ தடவுன மாதிரி இருந்துச்சு. தின்னேன். “எப்படி இருக்குண்ணே?” “தேனாட்டம் இருக்குதுங்கம்மா. இதுக்கு ஒம்பது மார்க் கொடுக்கலாம்.” அந்தம்மா மார்க்கை எழுதிக்காம நோட்டை மூடிட்டாங்க. சித்த நேரம் என்னையே பாத்தாங்க. பின்னால லச்சியக்கா அந்தத் தட்டுல மிச்சம் கெடந்ததை எடுத்து வாயில போட்டுட்டு, தூ தூன்னு துப்பிக்கிட்டுக் கொழாய்க்கு ஓடுச்சு. அதுக்கு அப்ப வயிறு சரியில்லை.

மறு நாள்ல இருந்து, என்ற நல்ல நேரத்தைப் பாருங்க சார், அந்தம்மா திட்டத்தையே மாத்திட்டாங்க. “அண்ணே, நீங்க தனியா உக்காந்து மாடு மாதிரி தின்ன வேண்டாம். தோட்டத்து ஆளுங்க பத்துப் பேரை உக்கார வைக்கிறேன். நீங்க பரிமாறுங்க. பரிமாறிட்டு உங்க கதவுகிட்ட நில்லுங்க. அப்பறமா நம்பரைச் சொல்லுங்க, போதும்”னாங்க. எனக்கு வந்த சந்தோசத்துல காரமடை அரங்கநாதருக்கு அங்கயே கும்பிடு போட்டேன். ‘உங்க கதவு’ன்னு சொன்னாங்க, அந்தக் கதவு எனக்கு ஆகி வந்த கதவுன்னு அந்தம்மாவுக்கு எப்படியோ வாய்ல வந்துருச்சு.

அதுக்கப்பறம் நான் ராசா சார். மூணு வருசம். எத்தனை மூஞ்சி. நல்லா இருக்குதுன்னு சொல்றவனை நம்பவே கூடாது, அதை முதல்ல தெரிஞ்சுக்கோணும். நல்லா இருந்தா எவனும் சொல்ல மாட்டான், பக்கத்துல இருக்கறவன் தட்டைப் பாப்பான். லச்சியக்காவுக்குப் புடிச்சா இடது கால் கட்டைவிரல் ஆடும். டிரைவர் ஒருத்தரு, புடிக்காட்டித்தான் எச்சாப் பேசுவாரு. நான் பாத்துட்டுப் போயி “பதினேழுக்கு எட்டு, முப்பத்திரெண்டு தூக்கிப் போடுங்க”ன்னு சொல்வேன். அந்தம்மா எழுதிக்குவாங்க. ஒரு தரம் கூட ஏன்னு கேக்கலை. படிச்சவங்க இவ்வளவு கேள்வி கேக்காம இருந்து நான் பாத்ததே இல்லை.

ஒம்பது ருசிதான், ஆனா தைக் குளிரு எச்சானப்ப பன்னெண்டுல மொதல் ஆளாப் பூத்துருச்சு. அந்தம்மா எலைக்குப் போன ரெண்டு இருக்குதே, அது கல்லாட்டம் நிக்கும், லேசுல பூக்காது, ஆனா தின்னா வைக்கோலு. அதனால ரெண்டுக்கும் ஒம்பதுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சாங்க. அதுக்குப் பொறந்த நூத்துக்கணக்கான புள்ளைங்கள்ல அப்பன் மாதிரி நின்னு ஆத்தா மாதிரி இனிக்கறது எதுன்னு தேடுனோம். போன தை மாசம் ஒரு நாள் விடியக்காத்தால பனி உறைஞ்சு தோட்டமெல்லாம் வெள்ளை. மத்த வரிசை பூராவும் மஞ்சப் பூவு. ஒரே ஒரு வரிசை மட்டும் பூக்காம, குண்டுகுண்டா, பேசாம உக்காந்திருக்குது. அதை வெட்டிக் கொண்டாந்து பத்துப் பேருக்கு வெச்சேன். பத்துப் பேரும் பக்கத்துத் தட்டைப் பாக்கறாங்க. லச்சியக்கா கட்டைவிரல் ஆடுது. நான் வெளிய ஓடி வந்து “இதுதானுங்கம்மா”ன்னேன். ரெண்டு பேரும் மறுபடி சிரிச்சோம், அழுதோம். இந்தத் தரம் கைல கரண்டி இல்லை.

அந்தக் கோசுக்குத்தான் இன்னைக்கு விழா. சரி, பயம் எதுக்குன்னு கேக்கறீங்க. அழைப்பிதழ்ல கீழ ஒரு வரி போட்டிருக்குதுங்க: மேடையில் ருசிப் பரிசோதனை. மூணு தட்டு, மூணு கோசு, எது எங்களுதுன்னு நிபுணர் சொல்லோணும். அமைச்சரு, பெரிய பெரிய புரொபசருங்க, டிவிக்காரங்க முன்னால. நான் வாயில வெச்சு என்னத்தச் சொல்றது? என்ற மானம் போனாப் போவுது. அந்தம்மா பத்து வருசம் என்னாவறது? நாக்கு செத்தவன் சொன்னதைக் கேட்டா கோசு கண்டுபிடிச்சீங்கன்னு சிரிக்க மாட்டாங்களா? ரெண்டு நாளா சோறு எறங்கலை. வேண்டாம், காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கலாம்னு கூடப் பாத்தேன்.

அப்பறம் நேத்துச் சாயங்காலம் போன் வந்துச்சு பாருங்க. ஜெபாம்மாதான். கோயமுத்தூர்ல மண்டபத்துல நின்னுக்கிட்டுப் பேசறாங்க, பின்னால நாக்காலி இழுக்கற சத்தம். “அண்ணே, ஒரு சின்ன மாத்தம். மேடையில நீங்க எதையும் வாயில வைக்க வேண்டாம். மூணு தட்டையும் கீழ முன்வரிசையில இருக்கவங்களுக்குக் கொடுத்துருவோம். உங்க நாக்காலிய அவங்களைப் பாத்து, கிட்டத்துல போடச் சொல்லிட்டேன். லைட்டையும் அவங்க மூஞ்சில விழற மாதிரி திருப்பச் சொல்லியிருக்கேன். நீங்க பாத்துட்டுச் சொன்னாப் போதும். மறக்காம கண்ணாடியக் கொண்டு வாங்க, என்ன?”

என்ற அதிர்ஷ்டத்தை என்ன சொல்ல. மறுபடியும் தப்பிச்சேன் பாருங்க. ருசி பாக்கற ஆளை உக்கார வெச்சுட்டு, சனத்து மேல லைட்டு போடறாங்க. கூட்டத்துல அந்தம்மாவுக்குத் தலைகால் புரியலை, பாவம். நாக்குக்கு எதுக்குங்க கண்ணாடி?

ஏனுங்க சார்?

இல்லை, உங்க மூஞ்சி. கொமட்டல் இல்லையே அது. கண்ணோரம் சுருங்குது, வாய இறுக்கி வெச்சிருக்கீங்க. சிரிப்பை அடக்கறீங்க. சிரிப்பு மட்டும் இல்லை, அதுக்கு அடில வேற என்னமோ ஒண்ணு. இருங்க. ஒண்ணும் சொல்லாதீங்க, நானே பாத்துக்கறேன்.

அந்தம்மாவுக்குத் தெரியுமுங்களா?

லச்சியக்கா துப்புச்சே. அதுக்கு வயிறு ஒரு நாளும் கெட்டதில்லையே, கல்லத் தின்னாச் செரிக்கற பொம்பளை. எலைல பளபளன்னு தடவுனது வேப்பெண்ணெயாத்தான் இருக்கோணும். மறு நாளே கதவு. உங்க கதவுன்னாங்க. மூணு வருசம் ஏன்னு கேக்கலை. மூணு வருசமாத் தெரியுமுங்களா, சார்? தெரிஞ்சுக்கிட்டேவா தெனமும் பதினோரு மணிக்கு வந்து, ‘நிபுணரே, ரெடியா’ன்னு கேட்டாங்க?

அட சாமி. இல்லை, எலுமிச்சம்பழம் வேண்டாம், நீங்களே வெச்சுக்கங்க. அழுகலீங்க நானு. சிரிக்கத்தான் செய்யறேன், தண்ணி அதுவா வருது.

எறங்குனதும் நேராப் போயி சொல்லிரோணும். அம்மா, எனக்கு நாக்கு இல்லை, மன்னிச்சுருங்கன்னு. இத்தனை நாள் ஏமாத்துனேன்னு.

இல்லீங்க. சொல்லக் கூடாது. எனக்கு மானம் போவக் கூடாதுன்னு அந்தம்மா மூணு வருசமா ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்திருக்காங்க. அதை நான் ஒரு வார்த்தைல ஒடைக்கறதா? நானும் ஒண்ணும் தெரியாத மாதிரியே அந்த நாக்காலில போயி உக்காந்துக்கறேன். மூஞ்சிகளைப் பாப்பேன், நம்பரைச் சொல்வேன். அந்தம்மா எழுதிக்கட்டும்.

ஆனா ஒண்ணு மட்டும் பாக்கோணும் சார். முன்வரிசைல எங்கயாவது ஒரு ஓரமா அந்தம்மாவையும் உக்காந்து ஒரு வாய் திங்கச் சொல்லோணும். எனக்குப் படிக்க வராத மூஞ்சி அது ஒண்ணுதான்.